கோளக் கணிதத்தில் ஒரு வழு

சென்ற விடுமுறையில், முன்னாளில் எம்மிடம் நன்னூல் பயின்ற மாணாக்கர் ஒருவர் எம்மைக் காண வந்திருந்தார். இப்பொழுது அவர் கணினிக்கு நிரல் எழுதுந் தொழிலில் இருப்பவர். முகத்தில் வழக்கமான மலர்ச்சி இல்லை. காரணம் வினவியபோது, “ஐயா, ஆறு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய கணக்கொன்றில் வழு இருந்தது. அதனைக் கண்டுபிடித்துத் திருத்தியும் விட்டேன். திருத்திய பின்னரே என் மனம் அமைதியின்றி இருக்கின்றது” என்றார்.

பிழை கண்டு வருந்துவோர் உளர். அது மறைந்திருக்கும்வரை மகிழ்ந்திருப்போரும் உளர். பிழை திருத்திய பின் வருந்துவோரை யாம் கண்டதில்லை. ஆதலின் அவர் கூறியவற்றைச் செவிகொடுத்துக் கேட்டோம். கணிதம் எமது துறையன்று. ஆயினும், அன்று மாலை அவர் தாளும் பென்சிலுங் கொண்டு விளக்கியவை இலக்கணம் பயில்வோரும் அறியத்தக்கனவாய் இருந்தமையால், அவற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

வழுவென்னுஞ் சொல்

நிரலில் நேரும் பிழையைத் தமிழ்க் கணினியாளர் ‘வழு’ என்று வழங்குகின்றனர். இதனைக் கேட்டு உவகையுற்றோம். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழு எழுவகைப்படும் என்பது நன்னூல் கற்ற சிறாரும் அறிந்ததே. வழுவின்றி வருவது வழாநிலை. வழுவாயினும் ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. பசுவை உவப்பு மிகுதியால் ‘அம்மை வந்தாள்’ என்பது திணை வழுவமைதி எனப் படித்திருக்கின்றோம். இம்மூன்று நிலைகளும் கணினித் துறையிலும் உள்ளன என்பதை அன்றே அறிந்தோம்.

அவ்வாறே ‘நூலகம்’ என்னுஞ் சொல்லும் அங்குப் புதுப்பொருள் பெற்றுள்ளது. பலரும் மீண்டும் மீண்டும் செய்யவேண்டிய கணக்குகளை ஒருவர் ஒருமுறை திறம்பட எழுதித் தொகுத்து வைப்பார். ஏனையோர் அதனை எடுத்துத் தத்தம் நிரல்களிற் பொருத்திக்கொள்வர். அத்தொகுப்பே நிரல்நூலகம். எமது மாணாக்கர் எழுதியது கோளவடிவியற் கணக்குகளின் நூலகம். பூமியைக் கோளமாகக் கொண்டு, ஓரிடத்திலிருந்து மற்றோரிடம் எவ்வளவு தூரம், இரு பாதைகள் எங்கே வெட்டும், ஒரு புள்ளி எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்பவற்றை அது கூறும். இத்தகைய நூலகத்தில் ஒரு வழு புகுமாயின், அதனை நம்பிய நிரல்கள் யாவற்றிலும் அது புகுந்ததாகும். ஆசிரியர் பிழைபடக் கற்பித்த பொருள் வகுப்பு முழுவதற்கும் பரவுதல் போன்றது இது.

கோளத்தில் நேர்கோடு

தட்டையான தாளில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழி நேர்கோடு. கோளத்தின் மேற்பரப்பில் நேர்கோடு கிடையாது. அங்கு மிகக் குறுகிய வழி, கோளத்தின் மையத்தூடாகச் செல்லுந் தளம் அதன் பரப்பை வெட்டுகின்ற பெருவட்டத்தின் வில்லாகும். மத்தியகோடும் நெடுங்கோடுகளும் பெருவட்டங்களின் பாற்படுவன. மத்தியகோடொழிந்த அகலக்கோடுகள் பெருவட்டங்கள் அல்ல.

இஃது ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ணவேண்டா. 1974 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட உடன்படிக்கை, பாக்கு நீரிணையிலிருந்து ஆதாம் பாலம் வரையுள்ள கடலெல்லையை ஆறு புள்ளிகளால் வரையறுத்தது. அப்புள்ளிகளை இணைப்பன பெருவட்ட வில்கள் என்றே அவ்வுடன்படிக்கை கூறுகின்றது. சட்டமே கோளவடிவியலின் மொழியிற் பேசுகின்றது! முதலாம் புள்ளி வடக்கு 10 பாகை 5 கலை, கிழக்கு 80 பாகை 3 கலை. இரண்டாம் புள்ளி வடக்கு 9 பாகை 57 கலை, கிழக்கு 79 பாகை 35 கலை. இவற்றுக்கிடையே ஏறத்தாழ 53 கிலோமீற்றர். அகலக்கோடுகளையும் நெடுங்கோடுகளையும் சதுரக் கட்டங்களாக வரைந்த படத்தில் இவ்விரு புள்ளிகளையும் அடிமட்டத்தால் இணைத்தால், அக்கோட்டின் நடுப்பகுதி உண்மையான வில்லிலிருந்து ஏறக்குறைய 10 மீற்றர் தெற்கே விலகும். பத்து மீற்றர் சிறிதுதான். ஆயினும் ஒரு சிறு படகின் நீளத்துக்கு அது குறைந்ததன்று. எல்லைக்கு இப்பாலா அப்பாலா என்ற வினாவுக்கு விடை கூறும் நிரல், கோடு யாது என்பதையே முதலிற் செவ்வையாய் அறிந்திருத்தல் வேண்டுமன்றோ?

வழு இருந்த இடம்

இனி, எமது மாணாக்கர் கண்ட வழுவைக் கூறுவாம். அவரது நூலகத்தில் இரு வில்கள் வெட்டும் இடத்தின் ஆள்கூறுகளைத் தருங் கணக்கு ஒன்றுண்டு. அதன் முறை இது. கோளத்தின் மேலுள்ள ஒவ்வோரிடமும் மையத்திலிருந்து வரையப்பட்ட ஒரு காவியாக, மூன்று எண்களாற் குறிக்கப்படும். ஒரு வில்லின் இரு முனைகளுக்கும் உரிய காவிகளைக் குறுக்குப் பெருக்கஞ் செய்தால், அவ்வில் கிடக்குந் தளத்துக்குச் செங்குத்தான திசை கிடைக்கும். மற்றைய வில்லுக்கும் அவ்வாறே செய்து, இரு செங்குத்துத் திசைகளையும் மீண்டுங் குறுக்குப் பெருக்கினால் வெட்டுப்புள்ளி கிடைக்கும். பெருவட்டங்கள் இரண்டு எப்போதும் எதிரெதிரான இரு புள்ளிகளில் வெட்டுமாதலின், அவற்றுள் உரியதைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். தவறினால் யாழ்ப்பாணத்தில் இருக்கவேண்டிய புள்ளி பசிபிக் சமுத்திரத்தின் நடுவே சென்றுவிடும்!

இம்முறையிற் குற்றம் யாதும் இல்லை. எந்தக் கணிதப் பேராசிரியரும் இதனை ஏற்பர். ஆயினும், நூலகத்தைப் பயன்படுத்திய ஒருவர், “நும் கணக்குத் தரும் வெட்டுப்புள்ளி இரு வில்களில் எதன்மேலும் இல்லை” என்று எடுத்துக்காட்டுடன் எழுதினார். வில்லின் முனைகள் ஒன்றுக்கொன்று மிக அண்மையில் இருந்தபோதே இது நேர்ந்தது. சூத்திரம் சரி, விடை பிழை. இதன் மருமம் யாது?

மருமம் எண்களை எழுதும் முறையில் இருந்தது. கணினி ஓர் எண்ணை முடிவிலாத் தசமதானங்களுடன் வைத்துக்கொள்ள வல்லதன்று. வழக்கமான முறையில் ஏறத்தாழ 16 இலக்கங்களையும், சுருங்கிய முறையில் ஏறத்தாழ 7 இலக்கங்களையுமே வைக்கும்; எஞ்சியவற்றை மட்டந்தட்டிவிடும். இதனால் வரும் கேட்டைச் சிறுவர்க்கும் விளங்குமாறு அவர் காட்டினார்.

நான்கு இலக்கங்கள் மட்டும் எழுதத்தக்க சிறு பலகையொன்று நம்மிடம் இருப்பதாகக் கொள்வோம். 1.234 இன் வர்க்கத்திலிருந்து 1.233 இன் வர்க்கத்தைக் கழிக்கவேண்டும். முதலாவதன் வர்க்கம் 1.522756, பலகையில் 1.523 என்றாகும். இரண்டாவதன் வர்க்கம் 1.520289, பலகையில் 1.520 என்றாகும். வித்தியாசம் 0.003. உண்மையான விடையோ 0.002467. ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விடை மிகுந்துவிட்டது!

இனி, இதனையே பள்ளிப் பிள்ளைகள் மனனஞ் செய்யுஞ் சமன்பாட்டின்படி, இரண்டன் கூட்டுத்தொகையை இரண்டன் வித்தியாசத்தாற் பெருக்கிக் காண்போம். கூட்டுத்தொகை 2.467, வித்தியாசம் 0.001, பெருக்கம் 0.002467. அதே பலகை, அதே நான்கு இலக்கம். விடையில் அணுவளவும் பிழையில்லை. பெருக்கியபின் கழித்தபோது, பெருக்கத்தில் மட்டந்தட்டப்பட்ட இலக்கங்களே நாம் தேடிய விடையாக இருந்தன. கழித்தபின் பெருக்கியபோது அவை காக்கப்பட்டன. அண்மையான இரு எண்களை நேரே கழிக்கும்போது கணினி எவ்விலக்கத்தையும் இழப்பதில்லை என்பது நிறுவப்பட்ட உண்மை. கழித்தல் குற்றவாளியன்று, ஏற்கெனவே சிதைந்த எண்களை அது வெளிச்சத்துக்குக் கொண்டுவருகின்றது.

குறுக்குப் பெருக்கத்தின் ஒவ்வொரு கூறும் இரு பெருக்கங்களின் வித்தியாசமேயாம். இரு முனைகளும் அண்மையவாயின் அவ்விரு பெருக்கங்களும் ஏறக்குறையச் சமமாகும்; பலகையிற் கண்ட கேடு இங்கும் நேரும். ஏழிலக்கக் கணக்கில், ஒரு கிலோமீற்றர் இடைவெளியுள்ள இரு புள்ளிகளினூடாகச் செல்வதாகக் கணினி கருதும் பெருவட்டம், அப்புள்ளிகளுக்கு நூற்றுக்கணக்கான மீற்றர் அப்பாற் செல்லக்கூடும். பதினாறிலக்கக் கணக்கிலும், ஒரு மில்லிமீற்றர் இடைவெளியுள்ள புள்ளிகளாயின் விலகல் மீற்றர் அளவினதாகலாம். ஒரு மில்லிமீற்றர் இடைவெளியில் யார் புள்ளியிடுவர் என்று வினவினோம். “மனிதர் இடார், ஒரு வெட்டுப்புள்ளியிலிருந்து மற்றொன்றைக் கணிக்கும்போது கணினி தானே இடும்” என்றார்.

சொல் வேறு, பொருள் ஒன்று

பரிகாரம் வியப்புக்குரியது. கூகிள் நிறுவனம் வெளியிட்ட எஸ்-2 என்னுங் கோளவடிவியல் நூலகத்தில் இதனைக் கண்டதாக அவர் கூறினார். இரு காவிகளையும் நேரே குறுக்குப் பெருக்காது, அவற்றின் கூட்டுத்தொகையையும் வித்தியாசத்தையும் குறுக்குப் பெருக்குக. விரித்துப் பார்த்தால் முன்னையதன் இருமடங்கே வரும்; நீளம் மாறினும் திசை மாறாது; நமக்கு வேண்டியதோ திசை மட்டுமே. கணிதப் பொருளில் இரண்டும் ஒன்று. ஆயினும் பின்னையதில் கழித்தல் முன்வருகின்றது. சிறுபலகையிற் கண்டவாறு இலக்கங்கள் காக்கப்படுகின்றன. அந்நூலகத்தின் பிற்காலப் பதிப்புகளில், இவ்வளவாலும் ஐயந் தீராத இடங்களில் மட்டும் கூடிய இலக்கங்களைக் கொண்டு கணிக்கும் ஏற்பாடும் உண்டென அறிந்தோம்.

ஒரு பொருளை இருவகையாற் கூறலாம். இரண்டும் ஒன்றேயெனக் கூறி அமைதல் கூடாது. எவ்வகையாற் கூறின் கேட்போனிடம் சிதையாது சென்று சேருமோ அவ்வகையாற் கூறுதல் வேண்டும். உரையாசிரியர்கள் இதனை நன்கு அறிந்திருந்தனர். கணினியும் ஒருவகைக் கேட்போனே. சிறு பலகையுடன் அமர்ந்திருக்குங் கேட்போன்.

இங்கு வழுவமைதியும் உண்டு. இரு முனைகளும் முற்றும் ஒரே புள்ளியாயின், அதனூடாகச் செல்லும் பெருவட்டங்கள் எண்ணில. எதனைக் கூறுவது? கணிதம் விடை தராது; விடையின்றேல் நிரல் இடையில் முறிந்துபோகும். ஆதலின் செங்குத்தான திசைகளுள் ஏதேனும் ஒன்றை ஒரு விதிப்படி எடுத்துக்கொள்க என எஸ்-2 நூலகத்தார் அமைத்துள்ளனர். அஃது உண்மையன்று, காரணம் பற்றிக் கொள்ளப்பட்ட அமைதி.

பழையோர் கண்ட வழி

இவ்வகை இடர் கணினியோடு பிறந்ததன்று. கடலோடிகள் இதனை முன்னரே அறிந்திருந்தனர். கோளத்தில் இரு இடங்களுக்கிடையேயுள்ள தூரத்தைக் கோசைன் விதியாற் காணலாம். ஆனால் சிறு கோணங்களின் கோசைன்கள் யாவும் ஒன்றென்னும் எண்ணை நெருங்கி நிற்பன. ஒரு கிலோமீற்றர் தூரத்துக்குரிய கோணத்தின் கோசைன் 0.9999999877. ஏழு தசமதான வாய்பாட்டில் இது 1 என்றே இருக்கும், விடை பூச்சியம்! அவ்வாய்பாட்டின்படி ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றருக்குட்பட்ட ஊர்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாய் அமர்ந்திருக்கும்.

இதற்கு மாற்றாக, ஒன்றிலிருந்து கோசைனைக் கழித்துப் பாதியாக்கிய கணியத்தை மாலுமிகள் கையாண்டனர். கடற்படைக் கல்லூரி ஆசிரியராயிருந்த யேம்ஸ் இன்மன் என்னும் ஆங்கிலேயர் 1835 இல் அதற்கு ‘ஹாவர்சைன்’ எனப் பெயரிட்டார். இதிற் கூட்டல் மட்டுமே உண்டு. அண்மையெண்களின் கழித்தல் இல்லை. 1984 இல் றொஜர் சின்னொற் என்பார் வானியற் சஞ்சிகையொன்றில் இதன் சிறப்பைக் கணினியாளர்க்கு எடுத்துரைத்தார். இன்றும் பல நிரல்களில் இதுவே வழங்குகின்றது.

ஹாவர்சைனின் மூலமோ நம் கண்டத்தினது. ஒன்றிலிருந்து கோசைனைக் கழித்த கணியத்தைச் சூரிய சித்தாந்தம் ‘உத்கிரமஜ்யா’ என வழங்கி, 24 கோணங்களுக்கு அதன் பெறுமானங்களையும் கூறுகின்றது. ஆரை 3438 எனக் கொண்டு, முதற்கோணமாகிய மூன்றே முக்காற் பாகைக்கு 7, அடுத்ததற்கு 29, பின்னர் 66, 117 என்று அவை செல்லும். 3431 என்னும் பெரிய எண்ணுக்குள் மறைந்துகிடக்கும் சிறு வித்தியாசத்தை 7 என வெளிப்படையாக எடுத்து வைத்த அறிவு போற்றற்குரியது.

எனினும் ஹாவர்சைனும் எவ்விடத்தும் வழாநிலையன்று. பூமியின் நேரெதிர்ப் புள்ளிகளை அணுகும்போது அதுவும் தளரும்; மட்டந்தட்டலால் ஒன்றுக்கு மேற்பட்ட எண் தோன்றி, கணக்கு விடையற்று நிற்பதும் உண்டு. நெடுங்கோடு 180 பாகையிலும் ஓர் இடர் உளது. பீஜித் தீவுகளுள் தவியுனி என்பதனை அக்கோடு ஊடறுத்துச் செல்கின்றது. கோட்டுக்கு ஒரு பாகை மேற்கிலுள்ள இடம் 179 எனவும், ஒரு பாகை கிழக்கிலுள்ள இடம் சய 179 எனவும் எழுதப்படும். இவற்றின் சராசரியை எண்ணளவிற் கண்டால் பூச்சியம். பூமியின் மறுபுறத்துக்குப் போய்விடுவோம். 2007 பெப்ரவரியில் அமெரிக்காவின் எப்-22 போர்விமானங்கள் ஹவாயிலிருந்து யப்பானுக்குச் செல்கையில், சர்வதேசத் திகதிக்கோட்டருகே அவற்றின் கணினிகள் செயலிழந்தன. எரிபொருள் விமானங்களைப் பின்தொடர்ந்தே அவை ஹவாய்க்கு மீண்டன.

திருத்தமும் அறிவித்தலும்

இனி, எமது மாணாக்கரின் வருத்தத்துக்கு வருவோம். அவர் வழுவைத் திருத்தினார். அவ்வழு மீண்டும் புகாவண்ணம் சோதனைக் கணக்குகளையும் சேர்த்தார். ஆனால் திருத்தத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாது புதிய பதிப்பை வெளியிட்டுவிட்டார். “ஆறு ஆண்டுகள் பிழையான விடை தந்தேன் என்று எழுத நாணினேன்” என்றார். சில நாள்களில், அந்நூலகத்தை நம்பிய வேறொருவரின் நிரல் பிழையான விடை தரத் தொடங்கியது. அவர் முன்னரே விலகலைக் கண்டு, காரணமறியாது, தம் நிரலில் அதனை ஈடுசெய்ய ஒரு திருத்தம் வைத்திருந்தார். மூலம் திருந்தியதும் அவரது ஈடே பிழையாயிற்று.

இதனைக் கேட்டபோது, 1979 நவம்பர் 28 இல் நிகழ்ந்த பெருந்துயர் எமது நினைவுக்கு வந்தது. நியூசிலாந்திலிருந்து அந்தாட்டிக்காவைப் பார்வையிடச் சென்ற விமானம் ஒன்று எரெபஸ் மலையில் மோதி, அதிலிருந்த 257 பேரும் மாண்டனர். சில கிழமைகளுக்கு முன் விமானிகளுக்குக் காட்டப்பட்ட பாதை, மலைக்கு மேற்கே ஏறத்தாழ 43 கிலோமீற்றர் விலகி, மக்மேர்டோ நீர்ப்பரப்பின்மேற் சென்றது. ஆள்கூறொன்று பிழையாய்ப் பதிந்திருந்தமையே அதற்குக் காரணம். பயணத்தன்று அதிகாலையில் அவ்வெண் திருத்தப்பட்டது. திருத்தியோர் விமானிகளுக்குக் கூறவில்லை. புதிய பாதை 3794 மீற்றர் உயரமுள்ள எரெபஸ் மலையை நோக்கியதாயிற்று. பனியும் முகிலும் ஒன்றாகத் தோன்றிய வெண்மையில் எதிரே இருந்த மலைச்சரிவு கண்ணுக்குப் புலப்படவில்லை. விமானம் தாழப் பறந்தமையையே முதல் விசாரணை காரணமாகக் காட்டியது. 1981 இல் நீதிபதி பீற்றர் மஹொன் அளித்த அறிக்கையோ, விமானிகளுக்கு அறிவியாது ஆள்கூற்றை மாற்றியமையே தலையாய காரணம் என்றது.

அத்திருத்தம் எண்ணளவில் சரியானதே என்பதை வாசகர் கருதல் வேண்டும். பிழையான எண்ணை நம்பியோர் அதனோடு பழகியிருந்தனர். சரியான எண் அவர்களுக்குத் தெரியாமல் வந்தது.

ஏட்டுச்சுவடிகளை ஆராய்ந்து பதிப்பித்த பெரியோர் தாம் கொண்ட பாடத்தை மேலே வைத்து, ஏனைய பாடபேதங்களைக் கீழே காட்டினர். முந்திய பாடத்தைப் படித்தவன் தன் ஏட்டையும் புதிய பதிப்பையும் ஒப்புநோக்கி, எங்கே எது மாறியது என அறிதற்கு அது வழியாயிற்று. நிரல்நூலகத்தாரும் ஒவ்வொரு பதிப்போடும் மாற்றக் குறிப்பு எழுதும் வழக்கமுடையர் என எமது மாணாக்கர் கூறினார். அவ்வழக்கத்தை நாணத்தால் அவர் ஒருமுறை கைவிட்டார்.

“இன்றே எழுதிவிடுக, எந்தப் பதிப்பிலிருந்து எந்தப் பதிப்புவரை வழு இருந்தது, எந்த விடைகள் மாறும் என்பவற்றையும் எழுதுக” என்றோம். அவர் உடன்பட்டார்.

அறிவுரை கூறுதல் எளிது. அவர் எழுந்து விடைபெறும் வேளையில் எமது மனம் உறுத்தியது. பல ஆண்டுகளாக ஒரு செய்யுளடியைப் பிழையாகப் பிரித்துப் பொருள் கூறிவந்தோம். பழைய உரையொன்றைப் பார்த்தபின் எமது பிழை விளங்கிற்று. அடுத்த ஆண்டு முதல் திருத்திக் கற்பித்தோம். முன்னே கற்றவர் எவருக்கும் அதனைக் கூறினோமில்லை. அவருட் பலர் இன்று ஆசிரியர்.

வாயில் வரை சென்றவரை அழைத்து, அவ்வடியைச் சொல்லி, “யாம் உமக்குக் கற்பித்த பொருள் பிழை, சரியான பிரிப்பு இது” என்று கூறினோம். அவர் சற்று நேரம் பேசாது நின்றார். பின் நகைத்து, “ஐயா, தாங்கள் சொன்ன பழைய பொருளைச் சென்ற வாரந்தான் என் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். இன்றிரவு அவளிடமும் ஒரு மாற்றக் குறிப்புக் கூறவேண்டியிருக்கின்றது” என்றார்.

ஏனைய மாணாக்கருள் முகவரி தெரிந்தோர்க்குக் கடிதம் எழுதத் தொடங்கியிருக்கின்றோம்.